மஞ்சள் பட்டையின் மூன்றாவது குட்டி

எங்கள் ஆராய்ச்சிப் பண்ணையில் ஆட்டுக் கொட்டகையைப் பார்த்துக்கொள்ளும் கறார் அக்காவுக்குப் பயப்படாத ஜீவன்கள் இரண்டே இரண்டுதான். ஒன்று, ஆராய்ச்சியை நடத்தும் டாக்டரம்மா. இன்னொன்று, கழுத்தில் மஞ்சள் பட்டை போட்ட வெள்ளாடு. நான் அங்கே ஜெனரேட்டர் ஓட்டுகிறவன். மூன்றாவது ஆளாகிவிடலாம் என்று பார்த்து, அவளிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டவன்.

கொட்டகைக்குள் வருகிறவர் யாராக இருந்தாலும் வாசலில் இருக்கும் மருந்துத் தண்ணீரில் பூட்ஸை நனைத்துவிட்டுத்தான் வர வேண்டும். மேலாளர் ஒருநாள் போனில் பேசிக்கொண்டே உள்ளே காலெடுத்து வைத்தார். "சார், கால்!" என்று அவள் போட்ட சத்தத்தில் மனிதர் போனையே மருந்துத் தண்ணீரில் போட்டுவிட்டார். தீவனம் அளக்கும்போதும் அப்படித்தான். படியின் மேல் குவிந்ததை விரலால் வழித்துவிட்டுத்தான் தொட்டியில் கொட்டுவாள். அவளுடைய சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்த்திருப்பாளா என்பது சந்தேகம்.

பண்ணைக்குப் பின்னால் ஊழியர் குடியிருப்பு. அவள் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். அங்கே டம்ளர் விழுந்தால் இங்கே கேட்கும். புருஷன் போய்ச் சேர்ந்து வெகுகாலமாகிறது. மகன் வெளியூர் லாரி ஓட்டுகிறான். வந்தால் உண்டு, இல்லாவிட்டால் போன்தான். வீட்டில் மருமகளும் ஒரு கைக்குழந்தையும். அந்த வீடு அவள் வேலையோடு சேர்ந்தது. வேலை போனால் சட்டிபானையைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு வர வேண்டியதுதான். நடந்ததையெல்லாம் நினைக்கும்போது இதை மறந்துவிட்டு அவளைத் திட்டக்கூடாது. மறக்காமல் திட்டலாம், நான் அப்படித்தான் செய்கிறேன்.

ஆடுகளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மஞ்சள் பட்டைக்காரியும் நீலப் பட்டைக்காரியும் ஒரே ஆட்டின் நகல்கள். எப்போதோ இருந்த ஒரு வெள்ளாட்டின் உடம்பிலிருந்து செல்களை எடுத்து, அதிலிருந்து உருவாக்கியவை. முகம், கொம்பு, குரல், அடம் எல்லாம் ஒன்று. பட்டையைக் கழற்றிவிட்டால் டாக்டரம்மாவே திணறுவார். ஒரே ஒரு வித்தியாசம். மஞ்சளை உருவாக்கும் முன்னால் அந்த செல்லுக்குள் மனிதனின் ஜீன் ஒன்றைச் செருகியிருந்தார்கள். அடிபட்டால் ரத்தம் நிற்காத நோயாளிகளுக்கு வேண்டிய மருந்து, அதனால் அதன் பாலிலேயே சுரந்தது. நீலத்துக்குள் எதையும் செருகவில்லை. இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்க அதை வைத்திருந்தார்கள்.

மஞ்சளின் பாலில் மருந்து வந்தபோது பண்ணையே கொண்டாடியது. ஆனால் ஒரு ஆட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அதன் குட்டிகளுக்கும் அந்த ஜீன் போகுமா என்பதுதான் அடுத்த கேள்வி. அதற்காகவே இரண்டையும் ஒரே கிடாவோடு சேர்த்தார்கள். டாக்டரம்மா ஒருநாள் எங்களுக்கும் புரிகிற மாதிரி சொன்னார்.

"ஜீன் எல்லாம் சோடி சோடியா இருக்கும். நாம செருகினது ஒரு பக்கத்துல மட்டும்தான். தாய் குட்டிக்கு ஒரு பக்கத்தைத்தான் குடுக்கும். எந்தப் பக்கம் போகும்ங்கறது பூவா தலையா மாதிரி. சிலதுக்கு வரும், சிலதுக்கு வராது."

"நீலத்தோட குட்டிக்கு?" என்று நான் கேட்டேன்.

"இல்லாததை எங்கேர்ந்துப்பா குடுக்கும்?" என்று சிரித்தார்.

குட்டி போட்ட நாளில் பகல் முழுவதும் அப்படியொரு மழை. கரண்ட் போய்விட்டது. ஜெனரேட்டர் ஒயரை எலி கடித்து வைத்திருந்தது. நான் அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்ததால் கொட்டகை கேமராவும் அணைந்து கிடந்தது. டாக்டரம்மா வெள்ளம் வடியட்டும் என்று பாலத்துக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தார். கொட்டகையில் அக்கா ஒருத்திதான்.

மஞ்சள் மூன்று குட்டி போட்டது. முதல் இரண்டும் விழுந்த கையோடு எழுந்து மடியைத் தேடின. மூன்றாவது வத்தலாக வந்து விழுந்து, தலையைத் தூக்கமாட்டாமல் கிடந்தது. பக்கத்துத் தடுப்பில் நீலத்துக்கு ஒரே குட்டி, அதுவும் செத்தே பிறந்தது. நீலம் அதை நக்குகிறது, முகத்தால் நெம்புகிறது, கத்துகிறது, மறுபடி நக்குகிறது. மடி நிறையச் சீம்பால்.

பண்ணையின் விதி என்னவென்றால், தானாக எழுந்து பால் குடிக்காத குட்டியை ஊசி போட்டுக் கொன்று, அறுத்துப் பார்க்கும் மேஜைக்கு அனுப்பிவிட வேண்டும். அக்கா பண்ணைக்கு வரும் முன்பே ஆடு வளர்த்தவள். ஒரு பக்கம் பால் கட்டிக்கொண்டு கத்தும் தாய், இன்னொரு பக்கம் தாய் இருந்தும் நாதியில்லாத குட்டி. ஆடு வளர்க்கிற எவரும் செய்வதைத்தான் அவளும் செய்தாள். கைப்பழக்கம், அவ்வளவுதான். செத்த குட்டியின் மேலிருந்த ஈரத்தை வைக்கோலால் வழித்து, மூன்றாவது குட்டியின் தலையிலிருந்து வால் வரைக்கும் தேய்த்தாள். நீலத்தின் மூக்கடியில் கொண்டுபோய் வைத்தாள். நீலம் மோந்து பார்த்தது. தொண்டைக்குள்ளேயே ஏதோ முனகியது. பிறகு நக்க ஆரம்பித்தது. காம்பைப் பிடித்து வாயில் வைத்ததும் குட்டி சப்பியது.

செத்ததைத் தூக்கி மஞ்சளின் பக்கத்தில் போட்டாள். டாக்டரம்மா தொப்பலாக நனைந்து வந்து சேர்ந்தபோது, "மஞ்சளுக்கு மூணு டாக்டரம்மா, ஒண்ணு செத்துப் பொறந்துச்சு. நீலத்துக்கு ஒண்ணு" என்றாள். விதியை மீறியதை ஏன் வாயால் சொல்லிக்கொள்ள வேண்டும் என்று நினைத்திருப்பாள். அது எந்தத் தாயின் குட்டி என்பதுதான் அந்தப் பண்ணையின் மொத்தப் பிழைப்பும் என்பது அந்த நேரத்தில் அவளுக்கு உறைக்கவில்லை.

இன்னொன்றும் செய்தாள். நீலத்துக்கு ஒரு குட்டிக்கு மிஞ்சிய பால். மிச்சத்தைக் கறந்து சாக்கடையில் கொட்ட வேண்டும் என்பது உத்தரவு. கொட்ட மனம் வரவில்லை. கறார் எல்லாம் அடுத்தவர்களுக்குத்தானே! ஒரு பாட்டிலில் ஊற்றி, கோட்டுக்குள் மறைத்து, மருமகளுக்குக் கொண்டுபோனாள். பிரசவத்துக்குப் பிறகு அந்தப் பெண் துரும்பாக இருந்தாள். ஒன்றும் செருகாத ஆட்டின் பால், காய்ச்சிக் குடித்தால் தெம்பு வரும், புள்ளைக்கும் பால் ஊறும் என்பது அக்காவின் கணக்கு.

குட்டிகளின் ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. மஞ்சளிடம் வளர்ந்த இரண்டு குட்டிகளில் ஒன்றுக்கு ஜீன் வந்திருந்தது, ஒன்றுக்கு வரவில்லை. டாக்டரம்மா எதிர்பார்த்தபடியேதான். ஆனால் நீலத்திடம் வளர்ந்த குட்டிக்கும் ஜீன் இருந்தது. திரும்பத் திரும்பச் சோதித்தார்கள். இருந்தது.

டாக்டரம்மா கொட்டகைக்கு வந்தார். பின்னாலேயே மேலாளர்.

"அக்கா, குட்டி மாறிப்போச்சா? அன்னைக்கு கரண்ட் இல்ல. உங்களைத் தவிர யாரும் இல்ல. மாறியிருந்தா சொல்லிடுங்க, நான் பாத்துக்கறேன்."

அக்கா டாக்டரம்மாவைப் பார்க்கவில்லை. மேலாளரின் பூட்ஸைப் பார்த்தாள்.

"மாறல டாக்டரம்மா. என் கையாலதான் எடுத்தேன்."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"இதுல யோசிக்க என்ன இருக்கு?"

டாக்டரம்மா கேட்டது எவ்வளவு சரியான கேள்வி! பதில் அவளுடைய நாக்கு நுனியில் இருந்தது. அங்கேயே துப்பியிருந்தால் ஒரு திட்டோடு போயிருக்கும். மேலாளர் மட்டும் அங்கே நிற்காமல் இருந்திருந்தால் சொல்லியிருப்பாள் என்று இன்றைக்கும் நம்புகிறேன்.

"ரத்தத்தைப் பாத்தா எது தாய்னு தெரியாதா மேடம்?" என்று நான் ஓரமாகக் கேட்டேன்.

"வேற ரெண்டு ஆடா இருந்தா உடனே சொல்லிடலாம். இதுங்க ரெண்டுக்கும் பாட்டன் பூட்டன் வரைக்கும் ஒண்ணு. எதை வெச்சுப் பிரிக்கறது?" என்றார். முகம் வெளிறியிருந்தது.

தாயிடம் இல்லை, கிடாவிடம் இல்லை, குட்டியிடம் இருக்கிறது. அப்படியானால் எங்கிருந்து வந்தது? பாலில் ஜீன் பரவாது என்று டாக்டரம்மா தலையால் தண்ணீர் குடித்துப் பார்த்தார். மேலிடத்தில் எடுபடவில்லை. "ஒருவேளை பால் வழியா பரவுதோ என்னவோ" என்று மேலாளர் யாரிடமோ போனில் சொன்னது, அவர் போனை வைப்பதற்குள் குடியிருப்புக்கு வந்துவிட்டது. கொட்டகையைப் பூட்டினார்கள். எங்கள் எல்லோருக்கும் ரத்தம் எடுத்தார்கள். கடைசியில் உத்தரவு வந்தது. அடுத்த திங்கட்கிழமை கொட்டகையில் உள்ள அத்தனை ஆடுகளையும் ஊசி போட்டு எரித்துவிட வேண்டும்.

அக்கா அதைக் கேட்டுவிட்டுப் போய்த் தீவனம் அளந்தாள். மூன்றாவது குட்டி அதற்குள் கொழுகொழுவென்று ஆகி, தொட்டியின் மேலேறிக் குதித்துக்கொண்டிருந்தது. அதன் பக்கம் அவள் திரும்பவே இல்லை.

வீட்டில் வேறு பூதம் கிளம்பியிருந்தது. சுவருக்கு இந்தப் பக்கம் இருந்து எல்லாவற்றையும் கேட்டேன். கேட்கக்கூடாதுதான். காதைக் கழற்றியா வைக்க முடியும்?

"அத்தை, எனக்குக் குடுத்தீங்களே, அது எந்த ஆட்டுப் பால்?"

"நீலத்தோடதும்மா. ஒண்ணுமில்லாத ஆடு."

"நீலத்தோட குட்டிக்குத்தானே அது வந்திருக்குங்கறாங்க?"

அக்கா பாத்திரம் தேய்க்கும் சத்தம் கேட்டது.

"அந்தப் பாலைத்தானே அத்தை நானும் குடிச்சேன்? எங்கிட்டேர்ந்து புள்ளைக்குப் போயிருக்குமா?"

"சும்மா பயப்படாதம்மா. ஒண்ணும் ஆகாது."

"ஆகாதுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? பெரிய பெரிய படிப்பு படிச்சவங்களே முழிக்கறாங்க."

எப்படித் தெரியும் என்பதைச் சொன்னால் வேலை போகும், வேலை போனால் வீடு போகும். அக்கா மறுபடியும், "நான் சொல்றேன்ல, நம்பு" என்றாள். அந்தப் பெண் நம்பவில்லை. யார்தான் நம்புவார்கள்? அன்றிலிருந்து குழந்தைக்குத் தாய்ப்பால் கொடுப்பதை நிறுத்திவிட்டாள். டின் பால் வாங்கி வரச் சொன்னாள். குழந்தைக்கு ரப்பர் காம்பு பிடிக்கவில்லை. துப்பியது, வீறிட்டு அழுதது, அழுது களைத்துத் தூங்கியது, எழுந்து மறுபடி அழுதது. அந்த அழுகை என் வீட்டுச் சோற்றுத் தட்டு வரைக்கும் வந்தது.

அக்காவுக்கும் ஒரு கணக்கு இருந்தது. பிறகு அவளே என்னிடம் சொன்னாள். திங்கட்கிழமை ஆடுகள் போய்விடும். அதோடு பேச்சு அடங்கும். எங்கள் ரத்தத்தில் ஒன்றுமில்லை என்று முடிவு வரும். மருமகள் சமாதானமாகி மறுபடி பால் கொடுப்பாள். கொஞ்சம் பல்லைக் கடித்துக்கொண்டால் போதும். ஆடுகளைப் பலி கொடுத்துவிட அவள் மனதைத் தயார்படுத்திவிட்டாள். கல் மாதிரி நடமாடினாள். மேலாளரின் பூட்ஸைக்கூடக் கவனிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை மதியம் சாப்பிட வீட்டுக்கு வந்தாள். கதவு சாத்தியிருந்தது, தாழ் போடவில்லை. குழந்தை பாயில் கிடந்து, முகம் நீலம் பாரிக்கக் கத்துகிறது. மருமகள் கழுவும் தொட்டிக்கு முன்னால் சுவரைப் பார்த்து நின்று, கட்டிக்கொண்ட பாலைப் பிழிந்து தொட்டியில் விட்டுக்கொண்டிருக்கிறாள். வலி பொறுக்காமல் முந்தானையைப் பல்லில் கடித்திருக்கிறாள். குழாயையும் திறந்து விட்டிருக்கிறாள். தண்ணீரோடு பால் போகிறது.

அக்கா செருப்பைக்கூட மாட்டவில்லை. திரும்பி நடந்தாள். நான் ஜெனரேட்டர் அறையிலிருந்து பார்த்தேன். வெறுங்காலோடு, சேறும் புழுதியுமாக, மருந்துத் தண்ணீரைத் தாண்டி, நேராக டாக்டரம்மாவின் அறைக்குள் போனாள். என்னமோ நடக்கப்போகிறது என்று நானும் பின்னாலேயே ஓடினேன். மேலாளரும் உள்ளேதான் இருந்தார். இந்தத் தடவை அவள் அவரைப் பொருட்படுத்தவில்லை.

"நீலத்துகிட்ட இருக்கற குட்டி மஞ்சளோடது. நான்தான் மாத்தி விட்டேன். செத்தது நீலத்தோடது. அன்னைக்கு நீங்க கேட்டீங்க, நான் பொய் சொன்னேன்."

"ஏன்க்கா?" என்று கேட்டார் டாக்டரம்மா.

"வீடு, டாக்டரம்மா."

மேலாளர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "நல்லா இருக்கும்மா கதை. ஆட்டை வளத்த பாசம், எரிக்கப் போறோம்னதும் இப்படி எடுத்து விடறே. ஆதாரம்?"

"ஆதாரம்னா? நான்தான் செஞ்சேன், நானே சொல்றேன்."

"அன்னைக்கும் நீதான் சொன்னே."

டாக்டரம்மாதான் மெதுவாகப் பேசினார்.

"ஒரு வழி இருக்கு. நகல் எடுக்கறப்ப செல்லோட நடுக்கருவை வேற ஒரு ஆட்டோட முட்டைக்குள்ள வெக்கறோம். அந்த முட்டைக்குன்னு சொந்தமா கொஞ்சம் ஜீன் உண்டு. நடுக்கருவுக்கு வெளியே, தனியா இருக்கும். அது தாய்கிட்டேர்ந்து மட்டும்தான் குட்டிக்குப் போகும். மஞ்சளோட முட்டை ஒரு ஆட்டுது, நீலத்தோடது வேற ஆட்டுது. குட்டிகிட்ட எது இருக்குன்னு பாத்தா தாய் யாருன்னு தெரியலாம்."

"இது தெரிஞ்சா ஏன் முன்னாடியே பாக்கல?" என்றார் மேலாளர்.

"கேட்டேன் சார். குட்டி மாறலன்னு சொல்லிட்டாங்களே, எதுக்கு வீண் வேலைன்னு நீங்கதான் சொன்னீங்க."

மேலாளர் போனை எடுத்துப் பார்த்துக்கொண்டார். அதில் ஒன்றும் வந்திருக்கவில்லை.

"நிச்சயமா தெரிஞ்சிடுமா டாக்டரம்மா?" என்று அக்கா கேட்டாள்.

"அந்த ரெண்டு முட்டையும் ஒரே வம்சத்து ஆடுகளோடதா இருந்தா தெரியாது. அப்படி மட்டும் இருக்கக்கூடாதுக்கா."

திங்கட்கிழமை எரிப்பு தள்ளிப்போனது, ரத்துச் செய்யப்படவில்லை. மாதிரிகள் வேறு ஊர்ச் சோதனைக்கூடத்துக்குப் போயின. அக்காவைக் கொட்டகைப் பக்கமே வரக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள்.

அன்றைக்கே மருமகளிடமும் எல்லாவற்றையும் சொன்னாள். சுவருக்கு இந்தப் பக்கம் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டேன்.

"இப்ப சொல்றீங்களே அத்தை, நான் அழுதுகிட்டு கேட்டப்ப ஏன் சொல்லல?"

"பயம்மா."

"இப்ப நீங்க சொல்றதை மட்டும் எப்படி நம்பறது? நான் புள்ளைக்குப் பால் குடுக்கணும்னுகூட நீங்க கதை கட்டுவீங்க. எனக்குத் தெரியாதா உங்களை?"

"என் பேரன் மேல சத்தியமா..."

"வேணாம். புள்ளை மேல எதுவும் பண்ணாதீங்க. சோதனை முடிவு வரட்டும்."

அந்தப் பெண் மேல் எனக்குக் கோபமே வரவில்லை. உண்மையை மாமியார் கையிலிருந்து வாங்க அவளுக்கு இனி மனமில்லை, அவ்வளவுதான். முடிவு வரும் வரை அக்கா வீட்டுக்குள்ளேயே கிடந்தாள். வேலைக்குப் போகாத கறார் அக்காவைப் பார்க்கச் சகிக்கவில்லை. பாட்டிலைக் கழுவுவாள், வெந்நீரில் போட்டு எடுப்பாள், பால் பவுடரை அளந்து, கரண்டியின் மேல் குவிந்ததை விரலால் வழிப்பாள். குழந்தை முரண்டு பிடித்துப் பிடித்துக் கடைசியில் ரப்பர் காம்புக்குப் பழகிவிட்டது. அதன் அழுகை குறைந்ததும் எனக்கு நிம்மதியாக இருந்தது. முட்டாள் நான்.

ஒருநாள் காலையில் டாக்டரம்மாவே குடியிருப்புக்கு வந்தார். அவர் எங்கள் தெருவுக்கு வந்தது அதுதான் முதல் தடவை. நானும் வாசலுக்கு ஓடினேன். அக்கா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"மஞ்சளோட குட்டிதான்க்கா. சந்தேகமே இல்ல. எரிக்கற உத்தரவை ரத்து பண்ணியாச்சு. உங்க எல்லாரோட ரத்தத்துலயும் ஒண்ணுமில்ல."

நான் சத்தமாகவே கத்திவிட்டேன். டாக்டரம்மா சிரிக்கவில்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"ஆனா உங்க வேலை... நான் எவ்வளவோ பேசிப் பாத்தேன். பொய் சொல்லி ஆராய்ச்சியையே கவுக்கப் பாத்தாங்கன்னு சொல்றாங்க. இந்த மாசக் கடைசிக்குள்ள வீட்டைக் காலி பண்ணணுமாம்."

எந்த வீட்டுக்காக வாயை மூடிக்கொண்டிருந்தாளோ அந்த வீடு போகிறது. அதை அவள் காதில் வாங்கின மாதிரியே தெரியவில்லை. "சரிங்கம்மா, சரிங்கம்மா" என்று சொல்லிக்கொண்டே உள்ளே ஓடினாள்.

"கேட்டியாம்மா? டாக்டரம்மாவே வந்து சொல்லிட்டாங்க. மஞ்சளோட குட்டிதானாம். பால்ல ஒண்ணும் பரவலையாம். புள்ளைக்குக் குடும்மா. தூக்கிக் குடு."

மருமகள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். குழந்தையைத் தூக்கினாள். எங்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்து, முந்தானையால் மூடிக்கொண்டாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். குழந்தை ஆவலாகச் சப்புகிற சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம்தான். பிறகு வாயை எடுத்துவிட்டு அழுதது. மறுபக்கம் மாற்றிக் கொடுத்தாள். அதுவும் அப்படித்தான். அக்கா எட்டிப் பார்த்து, "கொஞ்சம் அழுத்திக் குடும்மா, வரும், குடிக்கக் குடிக்கத்தான் வரும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

"அது எப்பவோ வத்திப்போச்சு அத்தை" என்றாள் மருமகள். குரலில் கோபமே இல்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் அக்கா தாங்கியிருப்பாள்.

குழந்தை பாட்டில் இருந்த பக்கம் கையை நீட்டி அழுதது. அக்கா எழுந்து போய் வெந்நீர் வைத்தாள்.